வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தவள்

...இல்லை, வெயிலில் எழுத்து தெரியாது, அதையே முதலில் சொல்லிப் பார்க்கலாம், வெயில் பட்டால் திரை முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும், வழிக்குப் பதிலாக மூக்குதான் தெரியும், யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரி வழிகாட்டும் அந்த ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நடுவெயிலில் நின்றுகொண்டு, "வா தம்பி, நீயே பாரு. தெரியுதா இல்லையா?" என்றாள். தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. சின்ன விமானங்கள் மட்டும் இறங்குகிற தளம் அது, வேலியை ஒட்டி அவள் கடை, ஹெட்போன், எண்ணெய், டயர், வரைபடம், ஜிபிஎஸ் எல்லாம் விற்பாள். யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது என்பதையும் விமானத் தளத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் மாதிரி அவளே முடிவு செய்வாள், அதனால் எல்லாருக்கும் அவள் டவர் அக்கா. உள்ளே சுழல்நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்த மச்சினன், "மாமா, இதுல பாட்டு கேக்குமா?" என்றான். டவர் அக்கா, "கேக்கும். இறங்கும்போது அழுகைச் சத்தமும் கேக்கும், அது நீ" என்றாள். மச்சினன் சிரித்தான். அவனும் சிரித்தான், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால்.

எப்படி இங்கே வந்து மாட்டினோம்... பல் டாக்டர்தான். விமானத்தில் பாதி அவனுடையது, பாதி டாக்டருடையது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய விமானம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எடுப்பான், பக்கத்து இருக்கையில் அவன் மனைவி மடியில் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அவள் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவன் அந்த விமானத்தின் பக்கமே போகவில்லை. டாக்டர் போன வாரம் போன் செய்தார். "ஓடாம கெடந்தா எஞ்சின் பாழாயிடும்ப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்து ஒரு சுத்து சுத்திடு. முடியாதுன்னா சொல்லு, உன் பாதிக்கு வேற ஆளைப் பாக்கறேன். பல்லு புடுங்கற மாதிரிதான், ஒரே இழுப்பு." அவன் யோசிக்காமல், வழி பாக்க ஆள் இல்லையே டாக்டர் என்று சொல்லிவிட்டான். டாக்டர் மெதுவாக, "ஒரு ஜிபிஎஸ் வாங்கிக்கயேன். கையில பிடிக்கறது. இப்பல்லாம் கம்மி விலையிலயே வருது" என்றார். நல்ல மனுஷன், வேறு என்ன சொல்வார். அவ்வளவுதான், ஒரு ஆள் இருந்த இடத்தில் ஒரு பொருள்... கூடவே, "அவளுக்காகவாவது பறப்பா. எவ்வளவு ஆசையா வருவா உன்கூட" என்றார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அவள் அம்மா சொன்னார், அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். அவனும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்று காலையில் சட்டை மாட்டினான். அவளுக்குப் பிடித்தது, அதனால் விடக்கூடாது. விட்டுவிட்டால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் கடைக்குள் வந்ததிலிருந்து சாக்குத்தான் தேடுகிறான். டவர் அக்கா பெரிய திரை வைத்த ஒன்றைக் காட்டினாள், விலை கட்டாது என்றான். உண்மையிலேயே கட்டாது, அதனால் அதைச் சொல்லும்போது தைரியமாக இருந்தது. சாதாரண டேப்லெட்டில் வரைபடச் செயலியைப் போட்டுத் தருகிறேன் என்றாள், விமானத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் வெயில் ஏறினால் சூடாகி நின்றுவிடும் என்றான், அதுவும் உண்மை. பொத்தான் வைத்த சின்னது ஒன்று, உள்ளங்கை அகலம், பேட்டரி தீர்ந்தால்? "பெட்டிக்கடையில விக்கற பேட்டரியே போடலாம் தம்பி." புதுசுக்கு இது அதிகம். "புதுசுன்னு யார் சொன்னா? ஒருத்தர் பெருசு வாங்கிட்டு இதைக் குடுத்துட்டுப் போனாரு. ஒரு கீறல்கூட இல்ல." வரைபடத்தை வருஷாவருஷம் புதுப்பிக்கக் காசு கேட்பார்களே? "முதல் வருஷம் நான் போட்டுத் தரேன். அடுத்த வருஷம் நீயும் இருப்பே, நானும் இருப்பேன், பாத்துக்கலாம்." ஒவ்வொரு கதவாக அவன் சாத்த, ஒவ்வொன்றாக அவள் திறந்துகொண்டே வந்தாள். மச்சினன் நாற்காலியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, "என்ன மாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரி எதைக் காட்டினாலும் ஒரு நொட்டை சொல்றீங்க" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மச்சினனுக்கே உறைத்தது. கீழே குனிந்து, கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். டவர் அக்கா இருமினாள். இந்த இடத்தில் வலிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது, உள்ளே தேடிப் பார்த்தான், மரத்துப்போன ஈறு மாதிரி இருந்தது, அழுத்தினால் அழுத்துவது தெரிகிறது, அவ்வளவுதான். பரவாயில்லடா, என்றான்.

டவர் அக்கா பேச்சை மாற்றக் கருவியை முடுக்கி, "படத்தை எப்படி வெக்கட்டும்? வடக்கு மேலயா, போற திசை மேலயா?" என்றாள். வடக்கு மேலே, என்றான் உடனே. அவள் உதட்டைப் பிதுக்கினாள். "யாருப்பா இன்னும் அப்படி வெச்சுக்கறாங்க? போற திசை மேல இருக்கட்டும். நீ திரும்பினா படமும் திரும்பும், வலப்பக்கம் இருக்கறது வலப்பக்கமே தெரியும். மண்டைக்கு வேலையே இல்ல." படமும் திரும்பும்... பக்கத்து இருக்கையில் அவன் மனைவியும் அப்படித்தான் பிடிப்பாள். தெற்கே போனால் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொள்வாள், ஊர்ப் பெயரெல்லாம் கவிழ்ந்து கிடக்கும், கவிழ்ந்த எழுத்தைச் சரளமாகப் படிப்பாள். அவன் படித்த படிப்பில் வடக்கு எப்போதும் மேலே. நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் இது ஒரு கதை, என் பொண்டாட்டி மேப்பைத் தலைகீழா பிடிச்சுத்தான் என்னை வீடு சேக்கறா என்று ஆரம்பிப்பான், எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். "வீடு வந்து சேந்தியா இல்லையா? அப்புறம் என்ன?" ஒரு நாள் காற்று மோசமாக இருந்தது, எரிச்சலில் வரைபடத்தை அவள் மடியிலிருந்து பிடுங்கி, நேராகத் திருப்பி, இனிமேல் மனுஷங்க பிடிக்கற மாதிரி பிடி என்று திரும்ப வைத்தான். அன்று அவள் இடது என்று சொன்ன இடம் வலது. மேகத்துக்குள் கொண்டுபோய் விட்டாயே என்று அதற்கும் திட்டினான். அதற்குப் பிறகு அவள் வரைபடத்தைத் திருப்பவில்லை, கழுத்தைத் திருப்பிக்கொண்டாள். ஞாயிறு சாயங்காலங்களில் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொள்வாள், தலையணை சரியில்லை என்றாள், அவனும் கடைக்குப் போய் நல்ல தலையணையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தான்... நல்ல தலையணையாக! திருப்பிப் பிடிப்பதுதான் சரி என்று எல்லாக் கருவியையும் அப்படியே செய்து விற்கிறார்கள், ஒரு பொத்தானில் இருக்கிறது, யாரும் அதைப் பிடுங்குவதில்லை. போற திசையே மேல இருக்கட்டும், என்றான்.

கடைக்குள் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது, காரில் வேலியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று டவர் அக்கா இரண்டு பேரையும் துரத்தினாள். மச்சினன் ஓட்டினான். அவன் பக்கத்து இருக்கையில், கருவி மடியில். திரையில் ஒரு குட்டி முக்கோணம், அதுதான் அவர்கள், அது நடுவிலேயே நின்றது, உலகம்தான் அதைச் சுற்றித் திரும்பியது. ஓடுபாதைக்கு ஒரு குறியீடு, ஏரிக்கு ஒரு குறியீடு, கோபுரத்துக்கு எச்சரிக்கைப் புள்ளி. எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் பல்செட்டு இல்லை. பல்செட்டு என்பது அவள் வைத்த பெயர், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிற தானியக் கிடங்குகளுக்கு. அவன் விமானத்தை ஓட்டிக்கொண்டே, கீழ வெள்ளையா வரிசையா உருளை உருளையா என்னமோ நிக்குது என்பான், அவள் வரைபடத்தில் விரலை ஓட்டி, "வரிசையாவா? பல்லு செட்டு மாதிரியா? அப்ப அதுதான். இன்னும் கொஞ்சத்துல பாலம் வரணும், வந்தா சொல்லு" என்பாள். பாலத்துக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை என்று அவன் சொல்ல, அது மொட்டைப் பாலம் ஆனது. உடைந்த சட்டி, தூங்குமூஞ்சி மலை, மாமியார் வளைவு... அவன் வெளியே பார்ப்பான், அவள் காகிதத்தில் பார்ப்பாள், இரண்டும் சேர்ந்தால் வழி. வேலையைப் பிரித்துக்கொண்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

ஹாரன் சத்தம், எதுவோ பெரியது காரை உரசுகிற மாதிரி கடந்தது. "மாமா! கொஞ்சம் நிமிந்துதான் பாருங்களேன். லாரிக்காரன் எங்க வம்சத்தையே இழுத்துத் திட்டிட்டுப் போறான், நீங்க பாட்டுக்கு அந்தப் பொட்டியையே பாத்துட்டு இருக்கீங்க." நீ ரோட்டப் பாரு, நான் வழி பாக்கறேன், என்றான். சொன்ன பிறகு அந்தச் சொல் காரிலேயே நின்றது. இது அவன் சொல் இல்லை. அங்க பாரேன், ஆறு எப்படி மின்னுது பாரேன் என்று அவன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பான், அவள் வரைபடத்தில் இருந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, "பாத்தேன் பாத்தேன். நீ வெளிய பாரு, நான் வழி பாக்கறேன்" என்பாள். மச்சினன் வண்டி ஓட்டினால் அவன் வழக்கமாகக் கதவுப் பிடியை விடமாட்டான், இன்று பிடிக்கவே இல்லை, லாரி வந்ததே தெரியவில்லை. குனிந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் தெரியாது. உயரமும் தெரியாது. காகிதத்தில் ஏது உயரம்... அப்படியா? அதற்காகவா? அவன் கட்டைவிரலை எடுத்தான், திரையில் ஈரமாக ஒரு ரேகை. பிளாஸ்டிக் உறை போட்ட அந்த வரைபடத்தில் எப்போதும் விரல் ஈரம் இருக்கும், இறங்கிய பிறகு அவன்தான் துணி வைத்துத் துடைப்பான், ஜூஸ் குடிச்ச கையோட தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது என்று சலித்துக்கொள்வான். அவள் ஜூஸ் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எதுவும் குடிக்கமாட்டாள், பசிக்கலை என்பாள். அப்படியானால் பல்செட்டு? மொட்டைப் பாலம்? தான் பெயர் வைத்த ஒன்றையாவது அவள் கண்ணால் பார்த்தாளா?

உங்க அக்காவுக்கு உயரம்னா பயமாடா, என்று கேட்டான். மச்சினன் கியரை மாற்றிவிட்டு யோசித்தான். "பயமா? தெரியலையே மாமா. மாடிக்குப் போய்த் துணி எடுத்துட்டு வரச் சொன்னா என்னைத்தான் விரட்டுவா. சரியான சோம்பேறின்னு அம்மா திட்டுவாங்க. ஏன்?" ஒன்றுமில்லை. சோம்பேறியா, பயமா, யாரிடம் போய்க் கேட்பது. பயந்துகொண்டே அத்தனை ஞாயிறும் வந்தாள் என்றால், அவளுக்குப் பிடிக்கும் பிடிக்கும் என்று இத்தனை பேரும் சொல்வது என்ன? ஏன் வந்தாள்? அவன் தனியாகப் போக வேண்டாம் என்றா, அவன் முகம் வாடும் என்றா, இல்லை அவளுக்கு உண்மையிலேயே அந்தக் காகிதமும் அவன் சொல்கிற வர்ணனையும் போதுமாக இருந்ததா... அதுவும் இருக்கலாம், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் கண்ணை மூடி விமானத்துக்குள் அவள் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். ஆறு வந்தது. கிடங்குகள் வந்தன, இறக்கையில் வெயில் பட்டு ஓடியது வந்தது, அவள் விரல் வந்தது, வரைபடத்தின் ஓரம் வந்தது. முகம் வரவில்லை. சமையலறையில் இருக்கிற முகம் வருகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த முகம் வேண்டாம் என்றாலும் வருகிறது, அந்த இருக்கையில் இருந்த முகம் மட்டும் இல்லை. ஒரு தடவைகூடவா அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை?

கடை வாசல் வந்தது, மச்சினன் வண்டியை நிறுத்தினான், ஆனால் இறங்கவில்லை. "மாமா, நல்லாத்தான் காட்டுது. இதையே எடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வரேன், அக்கா சீட்டுல உக்காந்து நானே இதைப் பிடிச்சுக்கறேன். என்ன சொல்றீங்க?" டவர் அக்கா அட்டைப்பெட்டியோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டருக்குப் பதில் கிடைக்கும், விமானம் மிஞ்சும். உனக்குப் பயமா இருக்காதா, என்றான். கேட்ட பிறகுதான் தெரிந்தது, இதை அவன் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. "பயமா? எனக்கா? சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றான் மச்சினன், உடனே, கொஞ்சம் சத்தமாகவே. அவளும் இப்படித்தான் சொல்லியிருப்பாள், கேட்டிருந்தால். அவன் திரும்பி மச்சினனின் முகத்தைப் பார்த்தான், அந்த முகம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, டவர் அக்கா கண்ணாடியைத் தட்டினாள், அவன் திரும்பவில்லை... பார்த்துக்கொண்டே இருந்தான், ஆனால் ஒரு முகத்தில் பயம் இருந்தால் அது எங்கே இருக்கும், கண்ணிலா, தாடையிலா, எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை.