ஏசுவடியானின் ஆறு மாதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஒரகடம் கம்பெனியில் பஸ் டிரைவர்களை மேய்க்கிறவனுக்கு வேறு எங்கே நிற்கும்? அப்படிப்பட்ட நானே ஏசுவடியானுக்காக மேனேஜரிடம் கெஞ்சினேன்.

2003இல் அவன் குடித்துவிட்டுக் காலி பஸ்ஸைக் கேட் தூணில் ஏற்றினான். போலீஸில் கொடுத்து வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார் மேனேஜர். நல்ல டிரைவர், வைத்தியம் பார்க்கலாம் என்று நான் மன்றாடியதில் இறங்கி வந்தார். படப்பை மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம். பிறகு ஆறு மாதம் தினமும் என் கண் முன்னால் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். ஒரு தடவை குடித்தாலும் போலீஸ்தான்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் போனது. ஒரு ஞாயிறு மதியம் ஓ.டி. ஷிஃப்டுக்கு வண்டி எடுக்க வந்தான். முகம் செக்கச்செவேல். சட்டை வியர்வையில் தொப்பல்.

"இன்னாய்யா, ஊத்திக்கினு வந்துட்டியா?"

"கோயிலுக்குத்தான் சார் போயிட்டு வாரேன்" என்றவன், ஓரமாக ஓடி வாந்தி எடுத்தான்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேனேஜருக்குப் போன் போடப் போனபோது, வெள்ளை அங்கியோடு ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். போதகர் ஜெபமணி. கோயிலிலிருந்து இவன் முகம் சிவந்து கிளம்பியதைப் பார்த்துப் பயந்து பின்னாலேயே வந்திருக்கிறார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க சார். நான்தான் குடுத்தேன்."

ஆராதனையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் மிஞ்சிய திராட்சரசத்தைக் கீழே ஊற்றக் கூடாதாம். அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டுமாம். அன்று மழை, கூட்டமில்லை. முக்கால் கிண்ணம் மிச்சம். பக்கத்தில் நின்ற இவனைக் கூப்பிட்டு நீட்டிவிட்டார். வீட்டில் புளிக்க வைத்த ரசம். மாத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது.

"அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? வேணாம்னு சொன்னா இன்னா?"

"குடிகாரன்னு பத்து வருசமா எந்தக் கோயில்லயும் எனக்கு ரசப் பாத்திரத்தையே தரமாட்டாவ சார். இன்னைக்கு இந்தப் போதகர் ஐயர் என் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோயில் வாசலையே மிதிக்காத நான் போதகருக்கு உத்தரவு போட்டேன்.

"ஃபாதர், இவனுக்கு இனிமே அப்பம் மட்டும் குடுங்க."

அவனைக் கம்பெனி நர்சம்மாவிடம் படுக்க வைத்துவிட்டு, பஸ்ஸை நானே எடுத்தேன். மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கடைசியா என்னய்யா சொல்ற? குடிச்சானா, குடிக்கலையா?"

"குடிச்சான் சார். அந்த எடத்துல நீங்க நின்னிருந்தா நீங்களும் குடிச்சிருப்பீங்க."

 அவர் மேஜையில் கிடந்த பஸ் சாவியை என் பக்கம் தள்ளினார். "அவன்கிட்டயே குடுய்யா."