நாற்பத்தேழு நிமிடம் நிற்காத ரயில்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதுதான் முறை. பிள்ளைகள் வளர்ந்து புத்தி தெளிந்துவிட்டபடியால் யாரும் தலையை நீட்டுவதில்லை. ஆகையால் இது சொந்தத் தலையில் அடித்துச் செய்த சத்தியம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அந்த ஊரில் ஒரு இஸ்திரிக்காரி இருந்தாள். கோபக்காரி. அவள் கோபமாக இருக்கிற நாளில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி பாதிதான் செலவாகும் என்பது அக்கம்பக்கம் எல்லோரும் கண்ணால் கண்ட விஷயம். வீடு ஒற்றை அறை. அறைக்குப் பின்னால் தகரம் வேய்ந்த சாய்ப்பு, அதன் அடியில் இஸ்திரி மேஜை, அதற்கும் பின்னால் வேலி, வேலியை ஒட்டித் தண்டவாளம். உள்ளே கிடக்கும் கட்டிலிலிருந்து தண்டவாளத்துக்கு எவ்வளவு தூரம் என்று அவளே அளந்து வைத்திருந்தாள். நாலு படுக்கை விரிப்பு நீளம். ஒரு விரல்கடைகூட அதிகமில்லை.

கட்டில் அவள் புருஷனுடையது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வயிற்றில் கட்டி வந்து, அறுத்து எடுத்து, இருபத்திரண்டு தையல் போட்டிருந்தார்கள். அதோடு விடவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பெருநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ரயிலில் பதினாலு மணி நேரம். இவள் போனால் துணி தேய்க்க ஆளில்லை என்பதால் நாத்தனார் கூடப் போய் வந்தாள். போகிறபோது மனிதர் தன் காலால் போவார். திரும்பி வருகிறபோதுதான் பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரயில்வேக்கு நெடுந்தூர வண்டிகளை மேம்படுத்தும் ஆசை வந்தது. மூன்று பெட்டி கூட்டினார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். முன்பு பாதி வழியில் நின்றுபோன வண்டியை இந்த ஊரைத் தாண்டிப் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைசி ஸ்டேஷன்வரை நீட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை என்று அறிவித்தார்கள். அதைச் செய்தும் காட்டினார்கள். எப்படி? கடைசிப் பதினோரு கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம் போதும். கால அட்டவணையில் ஐம்பத்தெட்டு நிமிடம் என்று எழுதிவிட்டார்கள். வழியில் எங்கே எவ்வளவு தூங்கினாலும் கடைசியில் வண்டி சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வழியில் தூங்காத வண்டியோ மீதி நாற்பத்தேழு நிமிடத்தை எங்கேயாவது கழித்தாக வேண்டும். அதைக் கழித்த இடம் இஸ்திரிக்காரி வீட்டுப் புழக்கடை.

காலை பதினோரு மணிக்கு இருபத்திரண்டு பெட்டியும் வந்து சிக்னலுக்குக் கீழே நிற்கும். பயணிகள் ஜன்னல் வழியாகக் கசங்கிய சட்டையை நீட்டி, தேய்த்து வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டார். வண்டி கிளம்பவில்லை, அதற்குள் தாடி வளர்ந்துவிட்டது, மறுபடியும் செய்துகொண்டார். ஒரு அம்மாள் காலர் மடிப்பு சரியில்லை என்று சண்டையை ஆரம்பித்து, பாதியில் வண்டி நகர்ந்துவிட, அடுத்த வாரம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

புருஷனும் அதே வண்டியில்தான் இருப்பார். ஜன்னலில் சாய்ந்தபடி தன் கட்டிலையும் தலையணையையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை உள்ளேயிருந்து, "ஏய், அங்க ஃபேன் சும்மா சுத்துது பாரு, நிறுத்து" என்றுகூடச் சொன்னார். ஆனால் இறங்கக் கூடாது. கதவு பூட்டியிருக்கும். பிளாட்பாரம் இல்லாத இடத்தில் இறங்குவது குற்றம். பூட்டாவிட்டாலும் ஆளுயரப் படியிலிருந்து ஜல்லியில் குதித்தால் இருபத்திரண்டு தையலும் என்ன ஆகும்? ஆகவே கடைசி ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு பஸ் மாறி, மூன்று தடவை வாந்தி எடுத்து, மாலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார், பதினோரு மணிக்கே வீட்டைப் பார்த்துவிட்ட மனிதர்.

ஒரு கதவு அகலத்துக்கு ஒரு மேடை. அவள் கேட்டது அவ்வளவுதான். மனு எழுதினாள். பதில் வந்தது: "குறிப்பிட்ட இடத்தில் வண்டி நிற்பதில்லை. நிற்காத வண்டியிலிருந்து இறங்க வசதி கோருவது பயணிகளின் பாதுகாப்புக்கு எதிரானது."

அன்றைக்கு அவள் கரியே போடாமல் எட்டுச் சட்டை தேய்த்தாள்.

"பூசணிக்காய சோத்துல மறைக்கறவன பாத்திருக்கேன். இருபத்திரண்டு பெட்டிய எந்தச் சோத்துலடா மறைப்பீங்க?" என்று சிக்னல் கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள். கம்பம் வாய் திறக்கவில்லை. மறுபடி மனு எழுதினாள், மறுபடி எழுதினாள். ஏழாவது மனுவுக்குக் கால அட்டவணை அதிகாரியே அந்த வண்டியில் வந்தார். கையில் கோப்பு, உடம்பில் முந்தின நாள் சட்டை. புருஷனும் நாத்தனாரும் திரும்பி வரும் அதே நாள், அதே பெட்டி. அதிகாரி இருந்ததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இவள் வேலியில் இரண்டு கம்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தோரம் வந்து நின்றாள்.

"சார், இப்ப இது நிக்குதா, ஓடுதா?"

"ஓடுதும்மா."

"எங்க ஓடுது? சக்கரத்துக்கு நடுவுல கோழி படுத்துத் தூங்குது!"

"அட்டவணைப்படி வண்டி ஓட்டத்துல இருக்கு. கண்ணால பாக்கறத எல்லாம் நாங்க எழுதிட்டிருக்க முடியாது."

ஜன்னலிலிருந்து புருஷன் தலையை நீட்டினார். "சார், நானும் முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன்தான். நின்னா நின்னுட்டேன்னு சொல்லுவேன். உங்க டிரைவருக்கு அந்த ரோஷம் இல்லையா?"

"நீங்க சும்மா இருங்கண்ணா, மூச்சு வாங்குது" என்றாள் நாத்தனார். பிறகு அவளே சும்மா இருக்கவில்லை. "ஏன் சார், ஓடற வண்டிலேருந்து இறங்கினா கால் ஒடியணுமே. நீங்க இறங்குங்க, பாப்போம்."

அதிகாரி நேர்மையானவர். கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓடும் வண்டியிலிருந்து எப்படிக் குதிக்க வேண்டுமோ அப்படிக் குதித்து, வண்டி போகும் திசையிலேயே பத்தடி ஓடி, மூச்சிரைக்க நின்றார். வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு ஆபத்து!" என்றார்.

குதித்ததில் சட்டை இன்னும் கசங்கிவிட்டது. மேலதிகாரியை வேறு பார்க்கப் போகவேண்டும். கழற்றிக் கொடுத்தார். அவள் தேய்க்கவில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேஜையின் ஒரு முனையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து கதவுக்குக் கீழே போட்டாள். நாலு காலுக்கும் செங்கல் அடுக்கினாள். படிக்கு நேராக வந்தது மேஜை.

"அம்மா! இது சட்டப்படி…"

"சட்டம் வேணுமா சார், சட்டை வேணுமா?"

பனியனோடு நின்ற அதிகாரி யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் புருஷன் மேஜையில் உட்கார்ந்து, அங்கிருந்து அவள் நகர்த்திப் போட்ட முக்காலிக்கு இறங்கி, நாலு விரிப்பு தூரம் நடந்து, கட்டிலில் படுத்துவிட்டார். மருந்து ஏற்றித் திரும்புகிற நாளில் பதினொன்றே கால் மணிக்கு அவர் வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை.

இங்கே கதையை நிறுத்தினால் எல்லோருக்கும் நல்லது. ரயில்வே நிறுத்தவில்லை.

பத்தாம் நாள் உத்தரவு வந்தது. மேற்படி இடத்தில் ஒரு பிளாட்பாரம் இருப்பது அதிகாரியின் நேரடி ஆய்வில் தெரியவந்திருப்பதால், அந்த மேஜை இன்றுமுதல் ஸ்டேஷனாக அறிவிக்கப்படுகிறது. இரண்டு பேர் வந்து மேஜைக் காலில் மஞ்சள் பலகை அடித்துவிட்டுப் போனார்கள். பிளாட்பாரத்தில் நெருப்பு கூடாது, ஆகவே அதன்மேல் இஸ்திரி போடக் கூடாது. ஸ்டேஷன் என்றிருந்தால் முகவர் வேண்டும், ஆகவே அவளே முகவர், வண்டி வரும்போதெல்லாம் பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும், சம்பளம் கிடையாது. ஸ்டேஷன் என்றால் வண்டி முறைப்படி நிற்க வேண்டும். ஆகவே இனி வண்டி அங்கே நிற்கும். ஒரு நிமிடம்.

மீதி நாற்பத்தாறு நிமிடம்? சிக்னலைப் பிடுங்கி நாலு கிலோமீட்டர் தள்ளி, காக்கைகூட உட்காராத பொட்டலில் நட்டார்கள். வண்டி அங்கே போய் நின்றது.

ஒரு நிமிடத்தில் என்ன செய்ய முடியும்? மருந்து ஏறிய மனிதர் இருக்கையை விட்டு எழுந்து நிற்கவே ஒன்றரை நிமிடம் ஆகும். முதல் தடவை நாத்தனார் அவரைக் கைத்தாங்கலாகக் கதவுவரை கொண்டுவந்தாள். ஒரு கால் மேஜையில் பட்டது. வண்டி நகர்ந்தது. நாத்தனார் உள்ளே இழுத்தாள், இவள் வெளியே இழுத்தாள், கடைசியில் ரயில்வேதான் ஜெயித்தது. மாலை நாலு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறக்கியபோது வயிற்றில் துணி நனைந்திருந்தது. இரண்டு தையல் விட்டுப்போயிருந்தது.

அவள் அழவில்லை. தரையில் போர்வை விரித்து, குனிந்து உட்கார்ந்து தேய்த்தாள். வெறும் கையை வைத்தாலே துணியில் சுருக்கம் நீங்கியது. "நாய்க்குச் சோறு போடறவன்கூட அது தின்னு முடிக்கற வரைக்கும் நிப்பான்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பிறகு முகவருக்கென்று கொடுத்திருந்த சிறிய விதிப்புத்தகத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். மூன்று வாரம் படித்தாள்.

அடுத்த தடவை புருஷனோடு வண்டி வந்தது. வண்டியின் கார்டு இறங்கி ஓடிவந்து பதிவேட்டை நீட்டினான். நல்ல பையன், புதிதாகக் கல்யாணமானவன்.

"அக்கா, சீக்கிரம் ஒரு கையெழுத்து."

அவள் சாவகாசமாக உட்கார்ந்தாள். பதிவேட்டை மடியில் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். அப்பா பேரின் முதல் எழுத்தைப் போட்டாள். ஊதிக் காயவைத்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் முடிஞ்சுது."

"விதி பதினாலு என்ன சொல்லுது தம்பி?"

கார்டுக்கு மனப்பாடம். "முகவரோட முழுக் கையெழுத்து வாங்காம வண்டி எடுக்கக் கூடாது."

"முழுக் கையெழுத்துன்னா முழுப் பேரு. எங்க பரம்பரையில பேருன்னா ஏழு தலைமுறையும் சேர்த்துத்தான். இப்பத்தான் எங்கப்பா வந்திருக்காரு. அவசரப்படுத்தாத, அவருக்குக் கோவம் வரும்."

எஞ்சின் ஊதியது. அவள் தாத்தாவை எழுதினாள். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. இரண்டு பயணிகள் தாமாகவே எழுந்து போய் நாத்தனாருக்குக் கைகொடுத்தார்கள். புருஷன் இருக்கையிலிருந்து எழுந்தார். அவள் கொள்ளுத்தாத்தாவை எழுதி, கொம்பு சரியில்லை என்று அடித்து, மறுபடி எழுதினாள். கார்டின் போன் அலறியது. அதிகாரி. கார்டு போனை அவள் காதில் வைத்தான்.

"என்னம்மா அங்க அட்டகாசம்? ஆயிரத்து நூறு கிலோமீட்டர் வண்டி உனக்காக நிக்குது!"

"ஆயிரத்து நூறு கிலோமீட்டர் கொண்டுவரத் தெரியுதில்ல? நாலு விரிப்பு தூரம் இறக்கிவிடத் தெரியலையே!" அவள் குரலுக்கு மேஜையே அதிர்ந்தது. "திரை போட்டீங்க, பெட்டி போட்டீங்க, கூடப் பதினோரு கிலோமீட்டர் போட்டீங்க. உள்ள இருக்கறவன் மனுஷன்னு எந்தக் காகிதத்துலயாவது போட்டீங்களா? வைங்க போனை. எழுத்து கோணுது."

புருஷன் மேஜையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். முக்காலியில் கால் வைத்தார். தரையில் வைத்தார். பயணிகளில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். ஒரு விரிப்பு. இரண்டு. மூன்றாவதில் நின்று வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் ஊதவில்லை, எஞ்சினும்கூட. நாலாவது விரிப்பும் முடிந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் தன் பேருக்குக் கடைசிப் புள்ளியை வைத்தாள். பதிவேட்டில் ஒரு பக்கம் தீர்ந்து மறுபக்கத்திலும் பாதி போயிருந்தது.

"போ தம்பி. பச்சையக் காட்டு."

வண்டி போனதும் உள்ளே வந்தாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. தொட்ட தண்ணீர்ச் செம்பு சுட்டது. அவர் கண்ணை மூடியபடியே கேட்டார்:

"இன்னும் ஆறு தடவை போகணும்னு சொல்லியிருக்காங்க. அத்தனைக்கும் உன் பேரு தாங்குமா?"

"தாங்கலைன்னா உங்க பரம்பரையையும் இழுத்துவிடறேன். பேசாம படுங்க."

ஆறு தடவையும் இதே மாதிரி நடந்தது. ஆறு தடவையும் அவர் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தார்.

அதே தலையில் அடித்து இன்னொரு சத்தியம்: அந்த ஊருக்கு இன்றைய தேதிவரை தண்டவாளம் போடப்படவில்லை.