ரேடியோ உத்தரவு

அரசாங்கம் கொடுத்த ரேடியோப் பெட்டிக்குத் தமிழ் வராது என்பது, அது வந்த முதல் நாளே பேச்சியம்மாள் டீச்சருக்குத் தெரிந்துபோயிற்று. ஜூஜுவாடிக்கு மேற்கே மண்பாதையில் இறங்கினால் வரும் ஓராசிரியர் பள்ளி அது. ஒரே அறை, ஐந்து வகுப்பு. பகலில் சென்னை நிலையத்தைத் தேடினால் கடலை வறுக்கிற சத்தம்தான் வந்தது. பெங்களூரோ கூப்பிடு தூரம். முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும் கணீரென்று கன்னடம்.

டீச்சருக்கோ கன்னடம் சுட்டுப்போட்டாலும் வராது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததும் மாற்றல் வாங்கி வந்தவள். ஐந்து வகுப்புக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், புதன்கிழமை பள்ளி ஒலிபரப்பு நடக்கும் நேரமாவது வாய்க்கு ஓய்வு கிடைக்கும் என்று அந்தப் பெட்டியைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள்.

"நான் சொல்றேன் டீச்சர்" என்று எழுந்தாள் ஐந்தாம் வகுப்பு முனிலட்சுமி. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று மூன்றிலும் வாயாடுகிறவள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆனாலும் முனிலட்சுமி எழுந்துவிட்டால் மற்றவர்கள் எழுவதில்லை.

ரேடியோ பேசும், முனிலட்சுமி தமிழில் சொல்லுவாள். முதல் பாடம் மேகங்களைப் பற்றி. அழகாகச் சொல்லி வந்தவள் கடைசியில் சேர்த்தாள்: "பசங்கள ஏரிக்கரைக்குக் கூட்டிப் போயி நெஜ மேகத்தக் காட்டணும்ன்றாங்க டீச்சர்."

பெங்களூரே சொன்ன பிறகு என்ன செய்வது? கூட்டிப் போனாள். அடுத்த வாரம் ரேடியோ, புதன்கிழமை வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதற்கடுத்த வாரம், டீச்சர்கள் கையில் பிரம்பு இருக்கக் கூடாது என்றது.

"பின்னே பிரம்ப என்ன செய்யணுமாம்?"

"கூரை மேல நட்டு ஏரியல் கம்பியக் கட்டினா நல்லாக் கேக்குமாம் டீச்சர்."

கட்டிப் பார்த்தால் உண்மையிலேயே நன்றாகக் கேட்டது. அதனால் டீச்சருக்குச் சந்தேகமே வரவில்லை.

புளி உலுக்கவும் ஆடு மேய்க்கவும் கம்பெனிக் கட்டடத்தில் டீ சுமக்கவும் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் புதன்கிழமை தவறாமல் வந்தார்கள். பிறகு வியாழனும் வந்தார்கள். காலி இடமாகக் கிடந்த அறையில் உட்கார இடமில்லாமல் போயிற்று.

கன்னடம் பேசும் வீட்டுச் சொந்தக்காரி நாராயணம்மாவோடு பம்படியில் தினமும் குடத்துக்கு மல்லுக்கு நின்றதில், தை பிறக்கும்போது டீச்சருக்குக் கன்னடம் காதில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு புதன்கிழமை ரேடியோ பல் விளக்குவதைப் பற்றி மட்டும் பேசி நமஸ்காரம் சொல்லி முடித்தது. முனிலட்சுமி எழுந்து, "மதியானத்துக்கு மேல வெயிலு ஜாஸ்தியானா பள்ளிக்கூடம் விட்ரணுமாம் டீச்சர்" என்றாள்.

டீச்சர் மற்ற பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. அத்தனையும் சாமி கும்பிடுகிற முகம். அத்தனையும் கூட்டுக் களவாணிகள்! கோபம் தலைக்கேறிப் பிரம்பைத் தேடினாள். பிரம்பு கூரை மேல் இருந்தது. அதை அண்ணாந்து பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நன்றாக ஏமாந்திருக்கிறோம், ஆனால் வகுப்பு நிறைந்திருக்கிறது. இப்போது காட்டிக்கொள்ள வேண்டாம், சமயம் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாசி பிறந்ததும் ஒரு புதன்கிழமை பள்ளி ஆய்வாளர் வந்தார். சூரிய கிரகணம் வருகிறதென்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

"இங்க தமிழ் எடுக்கலையாமே? ஊத்தங்கரைப் பக்கம் நல்லா எடுக்குதாம், அங்க ஒரு பள்ளிக்கூடத்தில பெட்டியக் கேக்கிறாங்க. இன்னைக்கே எடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றார் அவர்.

பெட்டி போனால் புதன்கிழமை போகும், பின்னாலேயே பிள்ளைகளும் போய்விடுவார்கள். மறுபடியும் காலி அறையைப் பார்த்துக் கத்துவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"கன்னடத்தில கேட்டாலும் பிள்ளைகளுக்கு நல்லாப் புரியுது சார்."

"புரியுதா? அதையும் பார்த்துடுவோம்" என்று ஆய்வாளர் தானே பெட்டியைத் திருகினார்.

கணீரென்று வந்தது கன்னடம். இன்றைக்குப் பள்ளி ஒலிபரப்பு இல்லை, அதற்குப் பதிலாக ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது பற்றிக் கால்நடை மருத்துவர் பேசுவார் என்றது. டீச்சருக்கு அது அட்சரம் பிசகாமல் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"என்னம்மா சொல்றாங்க?" என்றார் ஆய்வாளர்.

முனிலட்சுமி எழுந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கெரகணம் பத்தி சார். பாம்பு முழுங்குதுன்றது பொய்யாம். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல நிலா வந்து மறைக்குதாம். நிலா சின்னதுதான், ஆனா கிட்ட இருக்குது. கண்ணுகிட்ட எலுமிச்சம்பழத்தப் புடிச்சா லாந்தரே மறைஞ்சிருதில்ல சார், அப்பிடி. வெறுங்கண்ணால பாக்கக் கூடாதாம், கண்ணு போயிருமாம்."

டீச்சர் திகைத்துப்போனாள். முந்தின நாள் லாந்தரையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து அவள் நடத்திய பாடம் அது. அப்போது இந்தப் பெண் பக்கத்துப் பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். இத்தனையும் காதில் வாங்கியிருக்கிறாளே கழுதை! பெருமையில் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

ரேடியோவில் மருத்துவர் ஆட்டின் வாயைத் திறக்கிற விதத்தை விவரித்துக்கொண்டிருந்தார்.

ஆய்வாளர் நெற்றியைச் சுருக்கினார். "சூரியன்னு ஒரு தடவைகூடக் காதில விழலையே?"

"கன்னடத்துல அதுக்கு வேற பேரு சார்" என்றாள் முனிலட்சுமி, கண்ணை இமைக்காமல்.

ஆய்வாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். "சரியாத்தான் சொல்றாளா?"

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று போன வாரம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தாள். இப்போது அத்தனை பிள்ளைகளும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"வார்த்தைக்கு வார்த்தை அதேதான் சார்" என்றாள் பேச்சியம்மாள்.

"பரவாயில்லையே! பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார் ஆய்வாளர்.

அவர் ஜீப் மறைந்ததும் அறை முழுக்கக் கும்மாளம். முனிலட்சுமி டீச்சரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பாவம் டீச்சர், இதையும் நம்பிவிட்டாள் என்று நினைத்திருப்பாள்.

அடுத்த புதன்கிழமை ரேடியோவில் பறவைக் கூடுகளைப் பற்றிப் பாடம். முடிந்ததும் முனிலட்சுமி வழக்கம்போல் எழுந்தாள்.

"நீ உக்காரு தாயி. இன்னைக்கு நான் சொல்லுதேன்."

"டீச்சருக்குத்தான் கன்னடம் வராதே!"

"ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே" என்றாள் டீச்சர். கொஞ்சம் கொஞ்சம் வருமாம்.

டீச்சர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்லாரும் பதினாறாம் வாய்ப்பாட்டப் பத்துத் தரம் எழுதிட்டு வரணுமாம். வெயிலோ மழையோ, மணி அடிக்காம ஒருத்தரும் வெளிய போகக் கூடாதாம். ஏரிக்கரைக்கு இனிமே பரீட்சையில நல்லாச் செஞ்சாத்தான் போகலாம்னு ரேடியோ சொல்லுது."

குருவிக் கூட்டைப் பற்றிப் பேசிய ரேடியோ இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எவர் வாயைத் திறப்பது? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

முனிலட்சுமி மெல்லக் கையைத் தூக்கினாள். அவள் பார்வை கூரைப் பக்கம் போய் வந்தது.

"பெரம்பு பத்தி எதுனா சொல்லிச்சா டீச்சர்?"

"சொல்லிச்சு" என்றாள் பேச்சியம்மாள். "அது அங்கயே இருக்கட்டுமாம்."