பச்சை மூடிக்குப் பின்னால்

நான் சீனம் படித்தது ஆங்கிலம் வழியாக. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் ஆன்லைன் வகுப்பு. சீனக்காரர்கள் நம்மைப் போலத்தான். விவரங்களையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டு, சங்கதியைக் கடைசியில் அவிழ்ப்பார்கள். எனக்கோ முதல் துண்டு கிடைத்ததுமே அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற புத்தி.

அன்று ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் மொழிபெயர்ப்பாளராக எனக்கு முதல் நாள். சீனத்துத் தறி ஒன்று நின்றுவிட்டது. வீடியோ காலில் சீன இன்ஜினியர். தறி முன்னால் ஸ்க்ரூ டிரைவருடன் ஃபிட்டர் ஆண்டிச்சாமி அண்ணன். முதலாளி பாலகணேஷ் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா சனா, அவரு சொல்லச் சொல்ல நீயும் சொல்லிக்கிட்டே வா.”

மில் சத்தத்திலேயே கிடப்பவர்களுக்கு ஒரு பழக்கம். முதல் வார்த்தை விழுந்ததும் கை ஓடிவிடும். மிச்சத்தை யாரும் கேட்பதில்லை.

இன்ஜினியர் தொடங்கினார்.

“கரண்ட ஆஃப் பண்ணுங்கண்ணே,” என்றேன். அணைத்தார்.

“செவப்பு லைட்டு அணையணும்.” அணைந்தது.

“பச்சை மூடிக்குப் பின்னால ஒரு பெட்டி…” அண்ணன் மூடியைக் கழற்றிவிட்டார்.

திரையில் அந்த மனிதர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பெட்டியை என்ன செய்ய வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. வாக்கியம் முடியவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அண்ணனின் கை உள்ளே போகிறது. பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“ஏட்டி, என்ன பண்ணுத? அதான் கரண்டு போச்சே!” முதலாளி கத்தினார்.

“செத்த நேரம் வாய மூடுங்க சார்!”

முதல் நாளே முதலாளியை அப்படிச் சொன்னேன். வேலை போனால் போகட்டும். பிடியை விடாமல் கடைசிச் சொல் வரை கேட்டேன்.

“கரண்டு போனாலும் பெட்டிக்குள்ள மின்சாரம் நிக்குமாம். பத்து நிமிஷம் ஆகாமத் தொட்டா ஆளையே அடிச்சிருமாம்.”

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்ல வேளை, காப்பாத்திட்ட பாப்பா,” என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “இல்லண்ணே. ஒங்க கைய உள்ள அனுப்புனதே நாந்தான்.”

அவர் பத்து நிமிடமும் தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.