கோயில் ஏலத்தில் போன குப்பித் தைலம்

அறுப்பின் பண்டிகை அன்று கோயிலில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். கர்த்தருக்கென்று வந்துவிட்டால் கத்தரிக்காய்கூடச் சந்தை விலைக்குப் பத்து மடங்கு போகும், அது ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்த வருஷம் மலைத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், இஞ்சிப்புல்லைக் காய்ச்சி வடித்த தைலத்தில் ஒரு குப்பியைக் காணிக்கையாக வைத்திருந்தார். சபையிலேயே பெரிய பணக்காரரான முத்துநாயகம் அதைப் பத்து ரூபாய்க்கு எடுத்தார். கத்தரிக்காயின் விலை எல்லோருக்கும் தெரியும். தைலத்தின் விலை யாருக்குத் தெரியும்? அங்கேதான் சிதறால் பக்கத்து ரசலையனுக்குப் புத்தி பிசகியது. வீடு வரைக்கும் 'பத்து ரூவா, பத்து ரூவா' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான் மனுஷன்.

மறுவாரமே தன் விளையில் நின்ற மரச்சீனிக் கிழங்கை எல்லாம் பிடுங்கிவிட்டு இஞ்சிப்புல்லை நட்டான்.

"புல்லையா பிள்ளைகளுக்கு அவிச்சுக் குடுக்கப் போறிய?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி ஞானபாய். அவன் காதில் ஏறவில்லை. புல் வளர்ந்து அறுப்புக்கு வந்ததும் ஆடுகளை விற்று, தைலம் காய்ச்சச் செம்புக் கொப்பரை வாங்கினான். விறகுக்கு அயினிமரத்தை வெட்டினான். இரண்டு நாள் எரித்து ஐந்து குப்பி தேறியது.

தக்கலைச் சந்தையில் வியாபாரி முகர்ந்து பார்த்தான். "கொச்சியில விலை விழுந்து போச்சுவே. குப்பிக்கு முக்கால் ரூவா."

பத்து ரூபாய்க்கு எடுப்பார் என்று ரசலையன் குப்பிகளோடு நேரே முத்துநாயகத்தின் வீட்டுக்கு ஓடினான்.

"அது கர்த்தருக்குக் குடுத்ததுலே. தைலத்துக்கா குடுத்தேன்?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். ரசலையன் ஐந்து குப்பியையும் அதே வியாபாரியிடம் தள்ளிவிட்டுத் திரும்பினான்.

ஊர் எல்லையில் பக்கத்து விளைக்காரன் சிலுவைதாசன் காத்து நின்றான். அவனுக்கும் நாலு பிள்ளைகள், அவர்களுக்கும் மரச்சீனிதான் கஞ்சி.

"விலை எப்பிடி மக்கா?"

ஊர் சிரிக்குமே என்ற வெட்கம் ரசலையனைப் பிடுங்கித் தின்றது.

"கொள்ளாம்," என்றான். "நல்ல விலைதான்."

மறுநாள் காலையில் சிலுவைதாசன் குடும்பத்தோடு மரச்சீனியைப் பிடுங்க ஆரம்பித்தான். இடவப்பாதி மழைக்கு முன்னே புல் நட வேண்டுமாம். கிழங்கு விரல் கனம்கூட வைக்கவில்லை. ரசலையன் வேலிவரை போனான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவி, வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சிலுவைதாசன் நிமிர்ந்து பார்த்தான். "நடுகதுக்குப் புல்லு தருவியா மக்கா?"

"வேண்டியமட்டும் எடுத்துக்கோ," என்றான் ரசலையன். பிறகு மண்வெட்டியை எடுத்து, அவனுக்காகத் தன் விளையில் புல்லைத் தூரோடு வெட்டக் குனிந்தான்.