தூக்காத கை

என் கணவரைக் கூடைப்பந்து ரசிகர்கள் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். உயரத்துக்கு வைத்த பெயர். என்னைக் கேட்டால் வேறு காரணம் சொல்வேன். எதையாவது பிடித்துக்கொண்டால் மனிதர் ஒற்றைக் காலில் நிற்பார்.

பல வருடங்கள் சம்பளத்துக்கு ஆடியவர். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து எங்கே விழும் என்பது பந்துக்குத் தெரிவதற்கு முன்பே இவருக்குத் தெரியும். எத்தனை பேர் எம்பினாலும் பந்து இவர் கையில்தான் இருக்கும். அதெல்லாம் சரி. ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. ஃபவுல் செய்தவன் கையைத் தூக்கி 'நான்தான்' என்று காட்ட வேண்டும். அணியிலேயே நீளமான கை இவருடையது. அதற்கு மட்டும் ஒருநாளும் மேலே போனதில்லை. எதிராளி மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பான், இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ரகம்.

கடைசியில் ஒரு நடுவர் விசில் ஊதியதற்கு, பந்தை அவர் நெஞ்சிலேயே எறிந்தார். தடை விதித்தார்கள். தடை முடிவதற்குள் முழங்கால் முடிந்துவிட்டது.

பிறகு உடற்பயிற்சிக் கூடம் வைத்தார், மூடினார். குடித்தார், நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் நிலைமை மோசம். குடித்தபோதாவது சண்டை போடுவார். இப்போது படுக்கையறைத் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. கட்டிலுக்கு வெளியே பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்ததும் அந்தப் பாதங்களைத்தான் முதலில் பார்ப்பேன். அசைந்தால் எனக்கு மூச்சு வரும். அவ்வளவு பயந்திருக்கிறேன்.

அப்போதுதான் நெஞ்சில் பந்தடி வாங்கிய அதே நடுவர் போன் செய்தார். இப்போது அவர் நடுவர்களுக்கெல்லாம் தலைவர்.

"உள்ளூர்ப் போட்டிக்கு நடுவர் வேணும்மா. கொக்கு ஒரு ஆட்டம் ஊதிப் பாக்கட்டும். சரியா வந்தா வேலை."

"இவரையா? ஏன் சார், வேற ஆளே கிடைக்கலையா?"

"ஒவ்வொரு விதிக்கும் என்கூட மல்லுக்கு நின்னவரு. இவ்வளவு விதி தெரிஞ்ச ஆள் எனக்கு எங்க கிடைப்பான்?"

நடுவருக்கான கறுப்பு முழுக்கால்சட்டை வந்தது. இவர் போட்டபோது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. படுக்கையறைத் திரையும் கறுப்புதான். கத்தரிக்கோலை எடுத்தேன்.

"திரையை ஏன் வெட்டின?"

"கால்சட்டைக்கு ஒட்டுப் போடணும்."

"ரூம்ல வெயில் அடிக்குது."

"அடிக்கட்டும்."

ஆட்டத்தன்று முன்வரிசையில் தலைவர் இவருக்கு மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பின்னால். இவர் அழகாகத்தான் ஊதினார். கால் வலித்தாலும் ஓடினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று நான் நினைத்த நேரத்தில் ஒரு பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. இவர் அதன் கீழே நின்றிருந்தார்.

எம்பிவிட்டார். அந்த முழங்காலோடு, இரண்டு பக்கமும் முழங்கைகளை விரித்து, பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இரு அணியும் சிலையாக நின்றன.

"சார், பந்து..." என்றான் ஒருவன். அரங்கமே சிரித்தது. தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

இனி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? அவன் தள்ளினான், இவன் இடித்தான் என்பார். வேலை போகும். மறுபடியும் கட்டில், மறுபடியும் பாதங்கள்.

விசில் சத்தம் கேட்டது. ஊதியவர் இவரேதான். புள்ளி எழுதுகிறவர்கள் இருந்த மேசைப் பக்கம் திரும்பினார். அந்த நீளமான வலது கை மெல்ல மேலே போனது. முழுசாக, நேராக.

"நான்தான். தப்பு என்னோடது."

கல்யாணமான நாளிலிருந்து இந்த வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதாக நினைத்திருப்பார்கள், சிரிக்கவும்தான் செய்தேன்.

ஆட்டம் முடிந்ததும் தலைவர் வந்தார்.

"நடுவருக்கு ஃபவுல் கிடையாது கொக்கு. ஊதினதோட விட்டிருக்கலாம். உனக்குத் தெரியாத விதியா?"

"தெரியும் சார்."

"பின்ன எதுக்குக் கையைத் தூக்கின?"

"அன்னைக்குத் தூக்கியிருக்கணும். தூக்கல."

தலைவர் கொஞ்ச நேரம் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "சனிக்கிழமை வந்துடு. பந்தை மட்டும் தொடாதே," என்றார்.

வீட்டுக்கு வந்தால் சமையலறைக் குழாய் திறந்தபடி ஓடி, தரையெல்லாம் தண்ணீர். யார் வேலை என்று நான் இன்னும் கேட்கக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசற்படியில் என் கணவர் நின்றிருந்தார், தூக்கிய கை கூரையில் இடித்தபடி.