ராத்தா கேட்டது

அக்கரைப்பற்று பஸ் சாய்ந்தமருதைத் தாண்டும்போது முன் சீட்டிலிருந்து என் குரல் கேட்டது.

"கருஞ்சீரகம் எண்டா லேசான சாமான் இல்ல..."

எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் குரல் தெரியும். கல்முனைச் சந்தையில் கேட்டிருக்கிறேன், மருந்துக்கடையில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவை சாவு விழுந்த மௌத்து வீட்டில்கூட யாரோ போட்டுக் கேட்டார்கள். என்ன உற்சாகம், என்ன பெருமை அவளுக்கு! கேட்கும்போதெல்லாம் அவள் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருக்கும். ஸ்காஃபை இழுத்து மூக்குவரை மூடிக்கொண்டேன்.

"உங்கட வீடியோதான்கா ஓடுது!" பக்கத்தில் இருந்த சுபைறா மச்சி என் தொடையில் தட்டினாள். என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா சுல்பிகாவின் மகள் அப்ராவைக் கட்டியிருக்கும் மாப்பிள்ளைக்கு இவள் சாச்சி, சின்னம்மா முறை. நல்ல மனுசிதான். ஆனால் லுஹர் தொழுகைக்கு இவள் காதில் ஒன்று விழுந்தால் அஸர் தொழுகைக்குள் நிந்தவூர் முழுக்கத் தெரியும்.

நான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஆராய்ச்சி பேராசிரியருடையது. அரைப்பதும் வடிப்பதும் தட்டுக் கழுவுவதும் என்னுடையது. நம் நெஞ்சுக்குள் காவலுக்கு நிற்கும் உயிரணுக் கலங்கள் காசநோய்க் கிருமியைக் கண்டால் விழுங்கிவிடும். விழுங்குமே தவிர, பல வேளை கொல்லத் தெரியாது. கிருமி அதற்குள்ளேயே சத்தமில்லாமல் குடியிருக்கும், வருஷக்கணக்கில். கருஞ்சீரகச் சாறு விட்ட தட்டில் அந்தக் கலங்கள் சோம்பல் முறித்து எழுந்து கிருமியைக் கொல்லத் தொடங்கியதை நான் கண்ணால் கண்டேன். அதுவும் காசநோய்க் கிருமி இல்லை, அதன் சாதுவான சொந்தக்காரன் ஒன்று. மனுச நெஞ்சிலும் இல்லை, கண்ணாடித் தட்டில். இதையெல்லாம் வீடியோவில் சொன்னேனா? ஒரு சொல்லும் சொல்லவில்லை. சமையல் நடக்கும் குசினி மேசையில் கருஞ்சீரகப் போத்தலை வைத்துக்கொண்டு, "உடம்புட காவல் தூங்கினாலும் இது எழுப்பி விடும், காசநோய்க் கிருமியக்கூட அடிக்கும், இன்ஷா அல்லாஹ்" என்று அடித்து விட்டேன். போனைப் பிடித்து எடுத்தது ராத்தா.

வீடியோவின் கடைசியில் ராத்தா ஏதோ கேட்டாள். அவளுடைய குசினிக் குரல் என் பந்தாவுக்கு இடைஞ்சலாக இருந்தது. அதை வெட்டிவிட்டு ஸ்டேட்டஸில் போட்டேன். வெட்டியது நான், என் இந்தப் பெருவிரல்.

முன் சீட்டுப் பொம்பிளை போனை வாய்க்கருகில் கொண்டுபோய் யாருக்கோ குரல் அனுப்பினாள். "உம்மா, நான் அனுப்பின வீடியோவப் பாத்தீங்களா? படிச்ச புள்ள செல்லுது. மூணு மாசமாக் குளிசயக் குடிச்சி வயிறு எரிஞ்சதுதான் மிச்சம். இப்ப இருமலும் இல்ல. நாளையில இருந்து குளிசய விட்டுட்டு இதக் குடிக்கப் போறன்." மடியில் பெரிய எக்ஸ்றே உறை. முப்பது வயது இருக்கும். கழுத்து எலும்பு மட்டும் இன்னும் தூக்கிக்கொண்டு நின்றது.

வீடியோ எடுத்த நாட்களில் ராத்தாவுக்கும் இருமல் நின்றிருந்தது. கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தாள். "உன்ட மருந்து பிடிக்குதுகா" என்பாள். நானும் பூரித்துப்போய், கிழமைக்குக் கிழமை கருஞ்சீரகம் அரைத்துத் தேனில் குழைத்து, ஒரே வளவுக்குள் இருக்கும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளைத் தேற்றியது அதற்கு முந்தின இரண்டு மாதக் காசநோய்க் குளிசை என்று எனக்கு எப்படித் தெரியும்? இரத்த அழுத்தம் பார்க்கும் பிறசர் கிளினிக் என்றுதான் என்னிடமும் சொல்லிவிட்டுப் போனாள். அப்ராவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். காசநோய் என்று வெளியில் வந்தால் மாப்பிள்ளை வீட்டு நிந்தவூரார் வந்த வழியே திரும்பிவிடுவார்கள் என்ற பயம். கிளினிக்கில் அவள் கொடுத்த போன் நம்பரும் பொய், வராதபோது தேட அவர்களுக்கும் வழியில்லை.

வீடியோ எடுத்து ஏழு மாதத்தில் இரத்தம் இரத்தமாக இருமினாள். காசநோய் என்று ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரிந்தது. மூன்றே நாள். மூச்சு வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்துச் சொன்னதும் மகளைப் பற்றித்தான். "ஆருக்கும் செல்லிராத நபீலா. எண்ட புள்ளட வாழ்க்க." சத்தியம் செய்தேன். வீட்டில் எல்லோருக்கும் சளியும் எக்ஸ்றேயும் சத்தமில்லாமல் பார்த்தோம், அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் இல்லை. ஊருக்கு நிமோனியா என்றோம். பிறகு அவள் அலுமாரியை ஒதுக்கும்போது சேலைகளுக்கு அடியில் குளிசை அட்டைகள் கிடைத்தன. சிவப்பு மாத்திரைகள், ஒன்றும் உடைக்காமல். கூடவே இருந்த கிளினிக் காட்டின் திகதிப்படி, வீடியோ எடுத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து அத்தனையும் அப்படியே இருந்தன. அன்றைக்கு அந்த அறையில் இருந்து நான் அழுத அழுகை அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

என் பக்கத்திலிருந்து வீடியோவை அன்றே அழித்தேன். ஊர்ப் போன்களில் இருப்பதை எப்படி அழிக்க? ஆனால் வெட்டாத முழு வீடியோவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய குரல் மிச்சம் இருப்பது அதில் மட்டும்தான்.

பஸ் காரைதீவுச் சந்தியில் நின்று புறப்பட்டது. நான் முன்னால் குனிந்து அந்தப் பொம்பிளையின் தோளைத் தொட்டேன். "தங்கச்சி, குளிசய விட்டுராதீங்க. ஆறு மாசமும் முடிக்கணும்."

"நீங்க ஆரு?"

ஸ்காஃபை இறக்கினேன். அவள் என் முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்கதானே செல்லியிருக்கீங்க! இப்ப என்ன மாத்திக் கதைக்கீங்க?"

"பிழையாச் செல்லிட்டன்."

"படிச்ச ஆக்கள் இப்பிடித்தான்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் கேட்டது எனக்கு நல்லா விளங்கினதுதான். எண்ட உடம்பு எனக்குத் தெரியாதா?"

நான் சொன்னால் நம்பமாட்டாள். அந்தக் குரலை நம்புகிறாள், இந்தக் குரலை நம்பவில்லை. யா அல்லாஹ், நான் என்ன செய்வது? பக்கத்தில் சுபைறா மச்சி காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாள். அப்ராவுக்கு வயிற்றில் இது ஆறாம் மாதம். போன கிழமைதான் மாமியார் அவள் கையில் காப்புப் போட்டுவிட்டுப் போனாள். முழு வீடியோவைத் தேடி எடுத்து, சத்தத்தைக் கூட்டி, முன் சீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"...எழுப்பி விடும், காசநோய்க் கிருமியக்கூட அடிக்கும், இன்ஷா அல்லாஹ்."

ஊருக்குத் தெரிந்த வீடியோ அந்த இடத்தில் முடிந்துவிடும். இது முடியவில்லை. லேசான செருமல் ஒன்று கேட்டது. பிறகு ராத்தா.

"அப்ப குளிசயெல்லாம் தேவயில்லியாகா நபீலா?"

பிறகு என் சிரிப்பு. அவ்வளவுதான்.

"இது சுல்பிகாட குரலெல்லா?" சுபைறா மச்சி என் தொடையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். "அவ என்ன குளிச குடிச்ச?"

முன் சீட்டுக்காரி எக்ஸ்றே உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழுதாகத் திரும்பியிருந்தாள். "மறுகா நீங்க என்ன செல்லினீங்க?"

"ஒண்டும் செல்லல்ல," என்றேன். "சிரிச்சன். அவ கேட்டது இந்தக் குளிசயத்தான். அவ மௌத்தாகிட்டா."

சுபைறா மச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பொம்பிளை என் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ கடைசிக் காட்சியில் நின்றிருந்தது. பல் தெரியச் சிரிக்கும் நான், கருஞ்சீரகப் போத்தல், மேசைமேல் என் கைவரைக்கும் நீண்டு கிடந்த ராத்தாவின் நிழல்.